ஆற்றில் நடந்த விபத்து

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்பி வைங்க தம்பி, நானும் பாத்துக்கிடுதேன். என்ன போட்டிருக்கான்? ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டாங்களா? நல்லது. கையெழுத்து ஆயிட்டா? ரொம்ப நல்லது. எப்ப இருந்து சண்டை நிக்குதுன்னு போட்டிருக்கானா, அதைப் பாருங்க. கீழ இருக்கும். ஞாயித்துக்கிழமையில இருந்தா? இன்னைக்குப் புதன்தான?

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. நடுவுல கிடக்கிற நாளை நெனச்சேன். ஜனங்க கையெழுத்தைத்தான் பாக்கும். டி.வி.க்காரனும் கை குலுக்குறதைத்தான் காட்டுவான். அதுக்குப் பெறகு சண்டை நிக்கிறதுக்குன்னு தனியா ஒரு நாள் வச்சிருப்பான், அதை யாரும் கேக்க மாட்டாவ. நான் கேப்பேன். எனக்கு அது பழக்கமாயிட்டு.

நீங்க தூத்துக்குடி வரைக்குமா? நானும் அங்கதான். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது. பேசிக்கிட்டே போனா வழி தெரியாது. உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா நான் ஒண்ணு சொல்லுதேன். சொல்லி முடிச்ச பெறகு நீங்க ஒரு நியாயம் சொல்லணும். படிச்ச பிள்ளை மாதிரித் தெரியுது, அதான் கேக்கேன்.

நான் கப்பல்ல பண்டாரி. பண்டாரின்னா சமையக்காரன். என் பேரு இன்னாசி மோத்தா. இன்னாசி மீன் குழம்புன்னா அந்தக் காலத்துல நாலு துறைமுகத்துல பேர் இருந்துது. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்லுதேன்னு வச்சுக்கிடுங்களேன்.

எந்தங்கச்சி புருஷன் தஸ்நேவிஸ், அவனும் அதே கப்பல்தான். இஞ்சின் ரூம்ல எண்ணெய் போடுற வேலை. நான்தான் சேத்துவிட்டேன். என்னைவிடச் சின்னவன். என்னை மச்சான்னு கூப்பிடுவான், நான் மாப்பிள்ளைன்னு கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டான். பேசினா ஒரு சொல்லு, அதுவும் இடக்காத்தான் இருக்கும். எந்தங்கச்சி சலேத்து முழுகாம இருக்கும்போது கப்பல் ஏறினவன். பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு ரேடியோவுல சேதி வந்தப்ப நாங்க அந்த ஆத்துக்குள்ள மாட்டியாச்சு.

எந்த ஆறு, எந்த நாடுன்னு கேக்காதிய. ரெண்டு நாட்டுக்காரனும் என் கையால சாப்பிட்டிருக்கான், நான் பேரு சொல்ல மாட்டேன். ஒரு கரை முழுக்கப் பேரீச்ச மரம், அது ஒரு நாடு. எதிர்க்கரையில ஆலையும் புகைபோக்கியும், அது இன்னொரு நாடு. நடுவுல ஆறு. ஆறு எவனுக்குன்னுதான் சண்டையே.

நாங்க கோதுமை கொண்டுபோய் புகைபோக்கிக் கரையில எறக்கிட்டு, காலிக் கப்பலா திரும்பி வந்துக்கிட்டு இருக்கோம். வழியில சண்டை ஆரம்பிச்சிட்டு. ஆத்து வாயில ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு கண்ணிவெடி போட்டுட்டான். வெளியவும் போக முடியாது, உள்ளயும் போக முடியாது. ஒரு வளைவுல நங்கூரத்தைப் போட்டு நின்னோம். ஒரு மாசத்துல தீந்துரும்னாரு கேப்டன். கேப்டன் லோபோ, கோவாக்காரரு, நல்ல மனுஷன். நாங்க நின்னது வருஷக்கணக்கு.

நடுவுல நம்ம தூதரகத்துக்காரங்க ரெண்டு நாட்டுகிட்டயும் பேசி, ஆளுங்களை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணினாங்க. ஆனா கப்பலை ஆளில்லாம விட்டா எவன் வேணா எடுத்துக்கிடுவான். அதனால நாலஞ்சு பேரு இருக்கணும். கேப்டன் இருக்கேன்னாரு. நான் இருக்கேன்னேன். நான் சொன்னதும் தஸ்நேவிஸும் இருக்கேன்னான். இருன்னு நான் சொல்லல தம்பி, அதை மட்டும் தெளிவாக் கேட்டுக்கிடுங்க. "மச்சானை விட்டுட்டுப் போய் சலேத்து மூஞ்சில எப்படி முழிக்க"ன்னு அவனாத்தான் சொன்னான். இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க, ஒரிசாக்காரனுக. அவ்வளவுதான் கப்பல்ல.

ரெண்டு கரைக்காரனும் எங்களை ஒண்ணும் செய்யல. குண்டு எங்க தலைக்கு மேல போகும், தலைக்கு மேல வரும். விசில் அடிச்ச மாதிரி சத்தம். மொதல்ல குனிவோம். பெறகு குனியிறதையும் விட்டுட்டோம். நான் பாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கிட்டு இருப்பேன்.

குண்டு பழகிட்டு. பழகாதது பிணம். அக்கரையில இருந்து இக்கரைக்கு வாரவனும், இக்கரையில இருந்து அக்கரைக்குப் போறவனும் ஆத்துலதான விழுவான்? ஆறு இழுத்துக்கிட்டு வந்து எங்க நங்கூரச் சங்கிலியில சேத்துரும். காலையில எட்டிப் பாத்தா ரெண்டு நாட்டுக்காரனும் ஒண்ணாக் கிடப்பான். உடுப்பை வச்சுத்தான் யாரு எவன்னு தெரியும். கொஞ்ச நாள் கழிச்சு அதுவும் தெரியாது. தஸ்நேவிஸ் அன்னையில இருந்து மீன் திங்கிறதை விட்டுட்டான். நான் கொழம்பு வச்சா தட்டைத் தள்ளி வச்சிருவான். நான் கோவிச்சுக்கிடுவேன்.

கேப்டன்தான் ரேடியோவுல ரெண்டு கரைக்கும் சொன்னாரு: உங்க ஆளுங்க இங்க கிடக்காங்க, வந்து எடுத்துட்டுப் போங்க. எவனும் வரல. வந்தா அடுத்தவன் சுடுவான்லா. கேப்டன் விடல. தினமும் சொன்னாரு. கடைசியா ரெண்டு பக்கமும் ஒரு ஒரு ஆபீசரை அனுப்புதோம், உங்க கப்பல்ல வச்சுப் பேசுதோம்னு ஒத்துக்கிட்டான்.

எங்க வச்சு? என் மெஸ்ஸுல தம்பி. நான் சோறு போடுற மேசையில.

மேசை விரிப்பு இல்ல, புதுப் படுக்கை விரிப்பு ஒண்ணை எடுத்து இஸ்திரி போட்டு விரிச்சேன். ஆனா மேசைக்கு வாரதுக்கு முன்னாடியே தகராறு. எவன் மொதல்ல ஏறுறது? ரெண்டு படகும் கீழ நிக்கி, ஏணி ஒண்ணுதான் இருக்கு. மொதல்ல ஏறினா எறங்கி வந்ததா அர்த்தமாம். பெறகு தஸ்நேவிஸ் போய் அந்தப் பக்கம் ஒரு நூலேணியைக் கட்டினான். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஏறினாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்தாங்க. சரி, டீ கொண்டு போறேன். யாருக்கு மொதல்ல வைக்க? கேப்டன் என்னைப் பாக்காரு. நான் ரெண்டு கையிலயும் ரெண்டு கோப்பையைப் பிடிச்சு, நடுவுல நின்னு, ஒண்ணா வச்சேன். டொக்குன்னு ஒரே சத்தம். கேப்டன் சிரிச்சுட்டாரு. ரெண்டு ஆபீசரும் சிரிக்கல, ஆனா குடிச்சாங்க.

பேரீச்சக் கரைக்காரரு மேஜர். சண்டைக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல பூகோளம் நடத்தினவராம். புகைபோக்கிக் கரைக்காரரு கர்னல், வயசானவரு, சர்க்கரை வியாதி, டீக்குச் சீனி போடக் கூடாது. ரெண்டு பேரும் இங்கிலீஷ் பேசுவாங்க. ஆனா ஒருத்தருக்கொருத்தர் பேச மாட்டாங்க. கேப்டனைப் பாத்து இவரு பேசுவாரு, கேப்டனைப் பாத்து அவரு பேசுவாரு.

ஆத்துல கிடந்தது போக, ரெண்டு கரையிலயும் அடுத்தவன் பிணம் இருந்துது. அதை மாத்திக்கிடுறதுக்கு என்ன தகராறுங்கிய? எத்தனைன்னு சொல்ல மாட்டேங்கான். எங்க பக்கம் உங்க ஆளு இத்தனை பேரு இருக்காங்கன்னு சொன்னா, அவன் பட்ட அடி எவ்வளவுன்னு அவனுக்கே தெரிஞ்சிருமாம். அதையே பேசினாங்க, அதையே பேசினாங்க. அன்னைக்கு ஒண்ணும் ஆகல. அடுத்த வாரமும் வந்தாங்க. அப்ப கேப்டன் ஒண்ணு சொன்னாரு: எண்ண வேண்டாம். உங்ககிட்ட இருக்கிறதைக் கொண்டுவந்து என் டெக்குல வைங்க, தார்ப்பாய் போட்டு மூடுங்க. நீங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம். பெறகு அவனவன் ஆளை அவனவன் எடுத்துக்கிடுங்க. எவனும் எண்ணக் கூடாது.

அப்படித்தான் நடந்துது. காலையில வெயில் ஏறுறது வரைக்கும் சுடுறதில்லேன்னு ஒப்பந்தம். ரெண்டு நாடும் சேந்து செஞ்ச மொத ஒப்பந்தம் என் மேசையில தம்பி. இதை எந்தப் பேப்பர்லயும் போடல.

டெக்கைக் கழுவுறது தஸ்நேவிஸ் வேலை. குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் சொன்னான், "செத்தவனைத் திருப்பிக் குடுக்க இவ்வளவு அழகாப் பேசுதான். சாவுறதுக்கு முன்னாடி பேசினா என்ன மச்சான்?"

"பெரிய மனுஷங்க மெதுவாத்தான் பேசுவாங்க மாப்பிள்ளை"ன்னேன்.

"மெதுவாப் பேசட்டும். எம்மவ அதுக்குள்ள சமைஞ்சிருவா"ன்னான். சொன்னேம்லா, இடக்கு.

ஆனா எனக்கு அவங்க மேல மதிப்பு. பொய் சொல்ல மாட்டேன். பிணத்துக்குப் பெறகு கைதிங்களை மாத்திக்கிடுறதுக்கு வந்தாங்க. காயம்பட்டவங்களை மட்டும். அதுக்கப்புறம் சும்மாவே வந்தாங்க. மேஜர் என் மீன் குழம்பை ஒரு நாள் ருசி பாத்தாரு. புளி போட்டது. அவங்க ஊர்லயும் புளி உண்டாம். அன்னையில இருந்து வரும்போதெல்லாம் எனக்குன்னு பேரீச்சம்பழம் கொண்டாருவாரு. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு, "மிஸ்டர் இன்னாசி"ன்னு. கப்பல்ல எவன் என்னை மிஸ்டர்னு கூப்பிட்டான்? பண்டாரின்னுதான் கூப்பிடுவான். ஊர்ல யாரு இருக்கான்னு கேட்டாரு. பெஞ்சாதி, தங்கச்சி, தங்கச்சி புள்ளன்னு சொன்னேன். தஸ்நேவிஸைக் கூப்பிட்டு, இவன்தான் அந்தப் புள்ளைக்கு அப்பன், இன்னும் மொகம் பாக்கலேன்னு காட்டினேன். மேஜர் எந்திரிச்சு நின்னு அவனுக்குக் கை குடுத்தாரு. எந்திரிச்சு நின்னு, தம்பி.

அதே நேரத்துல வெளிநாட்டுல எங்கயோ ஒரு பெரிய நகரத்துல மந்திரிங்க பேசிக்கிட்டிருக்கான். தினமும் சாப்பாட்டு நேரத்துல ரேடியோ வைப்போம். ஒரு நாடு சொல்லுது, மொதல்ல கைதிங்களை விடு, பெறகு ஆத்தைப் பேசுவோம். இன்னொரு நாடு, ஆத்தை மொதல்ல பேசு, பெறகு கைதி. ஒரு மாசம் இதே. பெறகு ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருவான். நடுவுல நிக்கிற நாட்டுக்காரன் போய்க் கூட்டிட்டு வருவான். வந்ததும் மறுபடியும் கைதி மொதல்லயா ஆறு மொதல்லயா. எங்க கேப்டன் ரேடியோவைப் பாத்தே திட்டுவாரு, "தார்ப்பாயைப் போட்டு மூடுங்கடா"ன்னு.

என்ன ஊரு இது, எட்டயபுரமா? டீ குடிக்க எறங்குறியளா? வேண்டாமா. சரி, எனக்கும் வேண்டாம்.

ஒரு திங்கக்கிழமை மத்தியானம். சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன். மேல கேப்டன் கத்துதாரு. என்னமோ ஏதோன்னு கரண்டியோட ஓடினேன். ரேடியோவுல சொல்லிட்டான்: ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டாச்சு. ஆறு பாதிப் பாதி. கைதிங்க எல்லாரும் வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை விடியும்போது துப்பாக்கி எல்லாம் நிக்கணும். கேப்டன் என்னைத் தூக்கிச் சுத்துதாரு. ஒரிசாக்காரன் ரெண்டு பேரும் தரையில உக்காந்து அழுதான். தஸ்நேவிஸ் மட்டும் நின்ன எடத்துலயே நின்னான். "வெள்ளிக்கிழமையா? ஏன், இன்னைக்கு நிறுத்தினா என்ன?"ன்னான்.

கேப்டன் சொன்னாரு, "எல்லாப் பக்கமும் சேதி போய்ச் சேரணும்லா."

"கையெழுத்துப் போட்ட சேதி நமக்கே வந்துட்டே சார். அவனுக்கா வராது?"

கேப்டன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வச்சாரு.

அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சிட்டு தம்பி. அத்தனை வருஷத்துல அப்படி ஒரு அடி நாங்க பாத்ததில்ல. ரெண்டு கரையும் எரியுது. இரும்புக் கப்பல் முழுசும் நடுங்குது, அடுக்குல தட்டு நிக்க மாட்டேங்குது. எனக்கு விளங்கவே இல்ல. சமாதானம் ஆன பெறகு எதுக்கு அடிக்கான்? கேப்டன்தான் விளக்கிச் சொன்னாரு. வெள்ளிக்கிழமை விடியும்போது எவன் கால் எங்க நிக்குதோ, அதான் எல்லை. அதனால அதுக்குள்ள ஒரு திட்டு, ஒரு மேடு, என்ன பிடிக்க முடியுமோ பிடிச்சுக்கிடுதான். பெறகு இன்னொண்ணும் சொன்னாரு, மிச்சம் இருக்கிற குண்டை எல்லாம் வச்சு என்ன செய்வான்னு. அது தமாஷுக்குச் சொன்னாரா நெசமாச் சொன்னாரான்னு எனக்கு இன்னும் தெரியல.

வியாழக்கிழமை கொஞ்சம் ஓஞ்சுது. மத்தியானத்துக்கு மேல சத்தமே இல்ல. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சோம். தஸ்நேவிஸ் வந்து, "மச்சான், முடி வெட்டிவிடுதியளா?"ன்னான். கப்பல்ல நான்தான் முடியும் வெட்டுவேன். மவளைப் பாக்கப் போறாம்லா, அன்னைக்கு மொகத்துல ஒரு வெக்கம். அப்படி நான் அவனைப் பாத்ததே இல்ல. "புள்ள என்னைப் பாத்துப் பயந்துரக் கூடாது, தாடியையும் எடுத்துருங்க"ன்னான்.

கீழ லைட்டு கிடையாது, ஜெனரேட்டரை ரொம்ப நேரம் ஓட்டுறதில்ல. மேல நல்ல வெளிச்சம். பின் டெக்குல நாற்காலி போட்டேன். கழுத்துல துண்டைக் கட்டி, பின்னாடி பாதி வெட்டியாச்சு. அவன் பாட்டு முனகுதான். தஸ்நேவிஸ் பாட்டு முனகி நான் கேட்டதே இல்ல. தாடிக்கு வெந்நீர் எடுத்துட்டு வாரேன்னு கீழ எறங்கினேன். சமையக்கட்டுல கெட்டிலைக் கையில எடுத்தேன். அவ்வளவுதான்.

விசில் சத்தம் கேக்கல தம்பி. தலைக்கு மேல போறதுக்குத்தான் விசில் கேக்கும்.

மேல வந்து பாத்தேன். அதைச் சொல்ல மாட்டேன். மொகத்துக்கு ஒண்ணும் ஆகல. அது ஒண்ணுதான்.

முடி பாதியில நின்னுது. சலேத்து அதைப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். கீழ கொண்டுபோய்க் கிடத்தி, மிச்ச முடியையும் வெட்டினேன். தாடியையும் எடுத்தேன். ஒரு எடத்துல கத்தி கீறிட்டு. ரத்தம் வரல. அப்பத்தான் நான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. சொன்ன நேரத்துக்கு டப்புன்னு நின்னுட்டு. அப்படி ஒரு அமைதி. பேரீச்ச மரத்துல குருவி கத்துறது ஆத்து நடுவுல கேக்குது. அத்தனை வருஷமும் அந்தக் குருவி எங்க இருந்துது?

ரெண்டு ஆபீசரும் வந்தாங்க. இப்ப ஏணித் தகராறு கிடையாது, ஒரே ஏணியில ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஏறினாங்க. தஸ்நேவிஸ் முன்னாடி தொப்பியைக் கழட்டிட்டு நின்னாங்க. மேஜர் கண்ணுல தண்ணி. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

பெறகு மெஸ்ஸுல உக்காந்தாங்க. உடம்பை ஊருக்கு அனுப்பணும்னா எப்படிச் செத்தான்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு நாடும் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா ஆத்து வாயைத் தாண்ட விட மாட்டான். கேப்டன் எழுதினாரு, 'குண்டு விழுந்து'ன்னு. கர்னல் சொன்னாரு, எங்க குண்டு இல்ல. மேஜர் சொன்னாரு, வியாழக்கிழமை மத்தியானம் எங்க பக்கம் சுடவே இல்ல. சரி, குண்டுங்கிற சொல்லை அடிச்சாச்சு. 'போரில்'னு எழுதினாரு. அது கூடாது, போரு திங்கக்கிழமை கையெழுத்தோட முடிஞ்சிட்டு, அதுக்குப் பெறகு போருன்னா நாங்க ஒப்பந்தத்தை மீறினதா ஆகும்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே பேச்சாச் சொன்னது அன்னைக்குத்தான். 'தாக்குதல்'னு எழுதினாரு. அதையும் அடிச்சாச்சு. கேப்டன் பேனாவைத் தூக்கி எறிஞ்சுட்டு வெளிய போயிட்டாரு. நான் போய், "சார், வெயில் ஏறுது, ஐஸ் இல்ல"ன்னு சொன்னேன். திரும்பி வந்தாரு.

கடைசியா எழுதினது: 'ஆற்றில் நடந்த விபத்து.'

கையெழுத்துப் போட்டாங்க. மேஜரும் கர்னலும் கை குலுக்கிக்கிட்டாங்க. மொதத் தடவையா ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துப் பேசினாங்க, கேப்டனைப் பாக்காம. எனக்கு அது பாக்க நல்லா இருந்துது தம்பி. சொல்லக் கூடாது, வீட்டு ஆளு கீழ கிடக்கான், ஆனாலும் நல்லா இருந்துது. இவனுக்காகவாவது கை குலுக்கினாங்களேன்னு.

கப்பல்ல குண்டு போட்ட ஓட்டை எந்தப் பக்கம் இருந்துதுன்னா கேக்கிய? பேரீச்சக் கரைப் பக்கம். ஆனா கப்பல் நங்கூரத்துல சுத்தும்லா. தண்ணி திரும்பினா கப்பலும் திரும்பும். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கேப்டன் அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. என்ன சார்னு கேட்டேன். கேக்காதன்னுட்டாரு.

ஊருக்குக் கொண்டுவந்தேன். மாதா கோயில் கல்லறையில அடக்கம் ஆச்சு. சலேத்து அழவே இல்ல. எல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க போன பெறகு, ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சா. மடியில புள்ள.

"அண்ணே, தாள்ல விபத்துன்னு போட்டிருக்கு. பேப்பர்ல திங்கக்கிழமை சண்டை முடிஞ்சிட்டுன்னு போட்டிருந்தான். நான் அன்னைக்குக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன். அவரு வியாழக்கிழமை எப்படிச் செத்தாரு? கால் தவறி விழுந்தாரா? எதை மறைக்கிய?"

மறைக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் சொன்னேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியே. அவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு மேஜரைப் பத்தியும் சொன்னேன். "உம் புருஷன் அனாதையாச் சாகல சலேத்து, எவ்வளவு பெரிய ஆளுங்க தொப்பியைக் கழட்டிட்டு நின்னாங்க தெரியுமா. அந்த மேஜருக்கு நம்ம மேல உயிரு. திங்கக்கிழமை சேதி வந்ததும் எங்களைப் பாக்க அவரே படகு எடுத்துட்டு வந்தாரு. எறங்கும்போது என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'மிஸ்டர் இன்னாசி, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் மேல நிக்காதீங்க. கீழ, எதிர்க்கரைப் பக்கமா இருந்துக்கிடுங்க'ன்னு சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. அவ்வளவு அக்கறை"ன்னு சொன்னேன்.

சலேத்து என்னையே பாத்தா.

"அதை என் வீட்டுக்காரருகிட்ட சொன்னியளா?"

"எதை?"

"மேல நிக்காதன்னு அந்த ஆளு சொன்னதை."

"அது மரியாதைக்குச் சொன்னதும்மா. பஸ் ஏத்திவிடுறவன் பாத்துப் போங்கன்னு சொல்லுவாம்லா, அது மாதிரி."

"நாற்காலியை மேல போட்டது யாரு?"

"நான்தான். கீழ வெளிச்சம் இல்லல்லா."

புள்ளையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சா. உள்ள போயிக் கதவைச் சாத்தினா. அன்னையோட சரி. பெறகு என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.

நான் என்ன தப்பாச் சொன்னேன் தம்பி? நல்லது சொன்னதுக்கா கோவம்?

எத்தனையோ பேரு சமாதானம் பேசிப் பாத்தாச்சு. பங்குச் சாமியார் போனாரு. என் பெஞ்சாதி உயிரோட இருக்கும்போது அவளும் போனா. சாமியார் திரும்பி வந்து சொன்னாரு, "அவ வேற ஒண்ணும் கேக்கல. நீ ஒரே ஒரு காரியத்தை உன் வாயால ஒத்துக்கிடணும்னு சொல்லுதா"ன்னு. என்னத்தை ஒத்துக்கிட? மேஜர்தான் சுட்டாருன்னு நான் சொல்லணும், அதுதான. ஒரு நல்ல மனுஷன் மேல எப்படிப் பழி போட? என் கையால சாப்பிட்டவரு. அவருக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாரா?

நேத்து மருமவ போன் பண்ணினா. மருமவன்னா அந்தப் புள்ளதான், ஜெசிந்தா. கல்யாணம் ஆகி அவளுக்கே புள்ளைங்க இருக்கு. "மாமா, அம்மாவுக்கு நாளன்னைக்கு நெஞ்சுல ஆப்பரேஷன். பொழைப்பாளான்னு டாக்டர் உறுதி சொல்லல. மாமனை வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வந்தா வரட்டும்னா"ன்னு சொன்னா. வந்தா வரட்டும்! இத்தனை வருஷத்துல அவ வாயில இருந்து வந்த மொதப் பேச்சு. நான் சட்டையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

கட்டில் பக்கத்துல உக்காந்து மொதல்ல என்ன பேசணும்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வாரேன். மறுபடியும் அதைத்தான் சொல்லப் போறேன். அந்த மேஜர் கெட்டவரு இல்ல சலேத்து, மரியாதைக்காரரு, எங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நெனச்சவரு. இந்தத் தடவை புரிஞ்சுக்கிடுவா. சாவக் கெடக்கும்போது மனசு எளகும்லா.

நீங்க சொல்லுங்க தம்பி. நியாயம் சொல்லணும்னு கேட்டேம்லா. என்ன, ஜன்னலையே பாக்கிய?

என்னது?

திரும்பச் சொல்லுங்க. லாரிச் சத்தத்துல கேக்கல.

...

இல்ல தம்பி. கேட்டுது. மேஜர் சொன்னதை மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லலேங்கிய. மொதத் தடவையே கேட்டுது.